அருவியை விடுங்க, ஆளுங்களைப் பாருங்க!

ஒகேனக்கல்லுக்குப் போகிற எல்லாரும் ஒரே பக்கம்தான் பார்க்கிறார்கள், தண்ணீர் விழுகிற பக்கம். கொஞ்சம் திரும்புங்கள் சாமி, உங்கள் முதுகுக்குப் பின்னால் நடக்கிற கூத்து அதைவிடப் பிரமாதம்! பென்னாகரத்திலிருந்து இறங்குகிற மலைப்பாதை முடிகிற இடத்தில், பக்கத்து ஊட்டமலையையும் சேர்த்துக்கொண்டு, ஒரு சின்ன ஊர் வருகிறவர்களுக்கெல்லாம் எண்ணெய் தேய்த்து, மீன் பொரித்துப் போட்டு, ஆற்றில் ஒரு சுற்றுச் சுற்றிக்காட்டி அனுப்பிக்கொண்டிருக்கிறது.

விடிந்ததும் அங்கே எல்லார் வாயிலும் ஒரு கேள்வி: "இன்னிக்கு எத்தனை ஆயிரம்?" பணத்தைக் கேட்கவில்லை, கன அடியைக் கேட்கிறார்கள். கபினியிலும் கிருஷ்ணராஜசாகரிலும் திறந்துவிட்ட தண்ணீர் தமிழக எல்லையான பிலிகுண்டுலுவில் அளக்கப்படுகிறது. வினாடிக்கு இத்தனை கன அடி என்று அங்கிருந்து வருகிற எண்தான் இந்த ஊரின் அன்றைய கூலியை முடிவு செய்கிறது. எண் எகிறினால் "பரிசல் இயக்கத் தடை, அருவியில் குளிக்கத் தடை" என்று செய்தி வரும். நாம் பேப்பரில் அதைப் படித்துவிட்டுப் புரட்டிவிடுவோம். இவர்களுக்கு அது உலை வைப்பதா வேண்டாமா என்ற சங்கதி.

சரி, உள்ளே போவோம். முதலில் பரிசல் பிறக்கிற இடம்! மூங்கிலைப் பிளந்து, தரையில் பரப்பி, குறுக்கும் நெடுக்குமாகப் பாய் போல முடைகிறார்கள். நடுவில் பாரத்துக்குக் கல்லை ஏற்றிவைத்துவிட்டு ஓரங்களை மேலே வளைத்துக் கட்டுகிறார்கள். ஆணி கிடையாது, முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. முன்பெல்லாம் வெளியே தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் தார். அடிமரம் இல்லாத இந்த வட்டத்தை ஒரே துடுப்பால் நேராக ஓட்டுவதுதான் வித்தை. நடு ஆற்றில் பரிசல்காரர் பம்பரமாய்ச் சுழற்றி உங்களை அலறவிடுகிறாரே, அதற்கு ஒன்றும் மெனக்கெட வேண்டாம். சுழலாமல் கொண்டுபோவதற்குத்தான் தோள்பட்டை கழன்றுவிடும். முதலை விவகாரத்தை மட்டும் நீங்கள் லைஃப் ஜாக்கெட் மாட்டி, ஏறி உட்கார்ந்து, கரை தள்ளிப்போன பிறகுதான் எடுப்பார்கள். (ஆற்றில் முதலை உண்டு. கரையில் வனத்துறையின் முதலைப் பண்ணையே இருக்கிறது.)

பாறை குறுக்கிடுகிற இடத்தில், ஏறியிருக்கிற நான்கு பேரையும் இறக்கிவிட்டு, பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவர் நடப்பார். பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு கால் முளைத்த ஆமை. நாம் வெறுங்கையோடு வழுக்கி வழுக்கிப் போகும்போது, அத்தனை கனத்தோடு அவர் முந்திப்போவதைப் பார்த்தால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கும்.

இதே நடையை ஓர் ஆங்கிலக் கிராமத்திலும் பார்த்திருக்கலாம் என்றால் நம்புவீர்களா? ஷ்ராப்ஷைரில், செவர்ன் ஆற்றங்கரையில் அயர்ன்பிரிட்ஜ். 1779-இல் அங்கே வார்ப்பிரும்பில் பாலம் எழுப்பினார்கள், 1781-இல் திறந்தார்கள். கடப்பதற்குக் கட்டணம். கட்டணப் பலகையில் அரச குடும்பத்துக்கும் விலக்கில்லை என்றே எழுதிவைத்தார்கள்! ராஜாவே காசு கொடுக்க வேண்டிய ஊரில், கூலிக்காரர்கள் ஆளுக்கொரு குட்டிப் பரிசலில் ஓசியில் அக்கரை போய்விட்டார்கள். அவற்றைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்த ரோஜர்ஸ் குடும்பத்தில், யூஸ்டஸ் ரோஜர்ஸ் 2003-இல் மறைந்தார். அவர் வேலை செய்த கொட்டகையை ஊர் இன்னும் பொக்கிஷமாக வைத்திருக்கிறது. அங்கே ஒரு பரிசலில் ஓர் ஆள். நம்மூரில் நான்கு பேர், கூட ஓட்டுபவர், அப்புறம் மீன் குழம்புப் பேச்சு.

இந்த இரண்டு நாட்டுப் பரிசல்களையும் ஆராய்ந்த மனிதர் ஒருவர் உண்டு. சென்னை மாகாணத்தில் மீன்வளத்துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல். தென்னிந்தியப் பரிசல்களைப் பற்றி எழுதிய அவர், 1938-இல் பிரிட்டன், அயர்லாந்துப் பரிசல்களுக்கென்று தனி நூலே போட்டார். அவருக்கும் நானூறு வருஷம் முன்னால், 1520 வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த போர்த்துகீசியர் டொமிங்கோ பயஸ், கூடை மாதிரி வட்டப் படகில் குதிரையையும் மாட்டையும்கூட ஏற்றுகிறார்கள் என்று வியந்து எழுதிவைத்தார். குதிரை அலறியதா என்று அவர் சொல்லவில்லை.

மீன் குழம்புப் பேச்சை முன்பே எடுத்துவிட்டதால் அடுப்படிக்குப் போய்விடலாம். கட்லா, ரோகு, கெளுத்தி, வாளை, அரஞ்சான் என்று வரிசையாக அடுக்கியிருக்கும். எல்லாம் அருவிக்குக் கீழே துள்ளியவை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பாதிக் கதை மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தில், நாகமரைப் பக்கம் வலை போடுகிறவர்களிடம் இருக்கிறது. 1934-இல் முடிந்த அந்த அணைதான் கீழேயிருந்து இந்த ஊரின் சட்டியை நிரப்புகிறது. மீனை நீங்களே வாங்கி, விறகடுப்போடு உட்கார்ந்திருக்கும் அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். குழம்பா, வறுவலா, இரண்டுமா என்று ஒரு கேள்வி, அவ்வளவுதான். நீங்கள் பரிசலில் சுற்றி, குளித்து, பசியில் கண் இருண்டு திரும்பும்போது குழம்பு கொதித்துத் தயாராக இருக்கும். ஒரே சமயத்தில் ஏழெட்டுக் குடும்பத்துச் சட்டி அடுப்பில் கிடந்தாலும், எது யாருடையது என்று சீட்டு எழுதாமலே தெரியும் அவருக்கு!

எண்ணெய் தேய்க்கிறவர்கள் நம்மைத் தேர்ந்தெடுப்பது தனிக் கலை. பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறவர் யார் என்று கண் போய்விடும். "வாங்கண்ணா, ஒரு வலியும் இருக்காது" என்பார். முதல் ஐந்து நிமிஷம் வலியைத் தவிர வேறொன்றும் இருக்காது. பாறையில் குப்புறப் படுத்தால் தட்டுகிற சத்தம் தாளமாகவே கேட்கும். முன்னாடியே கூலி பேசிவிடுங்கள். தேய்த்த பிறகு பேரம் பேசுகிற தெம்பு யாருக்கும் இருப்பதில்லை.

இதில் ஒரு குசும்பும் இருக்கிறது. ஊரே புது வெள்ளம் பார்க்கத் திரண்டு வருகிற மாதம் ஆடி. பரிசல் தண்ணீரில் இறங்க முடியாமல் போவதும் பெரும்பாலும் அப்போதுதான். 2024-இல் ஜூலை 30 அன்று மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டு நிரம்பியது. ஒகேனக்கல்லில் வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் வந்தது. ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு! பரிசலும் இல்லை, குளியலும் இல்லை. அப்படிப்பட்ட வாரத்தில் நீங்கள் போய் மாட்டிக்கொண்டால் முகத்தைத் தொங்கப்போடாதீர்கள். மேட்டில் பரிசலைக் கவிழ்த்துப் போட்டு ஓட்டை பார்த்துத் தார் பூசிக்கொண்டிருப்பார்கள். போய்ப் பக்கத்தில் உட்காருங்கள், கதை நிறையக் கிடைக்கும். வெள்ளை வேட்டி மட்டும் வேண்டாம்.