எரிவாயு அடுப்பின் குறைகளைப் பாதுகாப்பாகக் கண்டறிதல்

விறகையே நம்பியிருந்த கமக்காரர் இல்லங்கள் பலவற்றில் இப்போது எரிவாயு அடுப்பும் இடம்பெற்றுள்ளது. அறுவடைக் காலத்தில் வேலையாட்களுக்கு விரைவாக உணவு சமைப்பதற்கு இது பெரிதும் உதவுகின்றது. ஆயினும், 2021ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் இலங்கையின் பல பகுதிகளில் எரிவாயு தொடர்பான வெடிப்புக்களும் தீ விபத்துக்களும் நிகழ்ந்தன. ஆதலால், வீட்டார் தாமே திருத்தக்கூடிய குறைகள் எவை, தொடக்கூடாதவை எவை என்பதை அறிந்திருத்தல் அவசியமாகும்.

வாயுவின் இயல்பு

சிலிண்டரினுள் புறொப்பேன், பியூற்றேன் என்னும் வாயுக்கள் அமுக்கத்தினால் திரவமாக்கப்பட்டு அடைக்கப்பட்டுள்ளன. இவை காற்றிலும் பாரமானவை. எனவே, கசியும் வாயு கூரை வழியே வெளியேறிவிடாது. வரம்பு உடைந்த வயலின் நீர் பள்ளத்தை நாடுவது போலத் தரையோடு பரவி, மூலைகளிலும் வடிகால்களிலும் தங்கும். கசிவை அறிவிக்கும் பொருட்டே கெட்ட மணமுள்ள பொருளொன்று அதனுடன் சேர்க்கப்படுகின்றது.

மணம் வீசினால் செய்யவேண்டியவை

1. அடுப்பையும் அருகிலுள்ள விளக்குகளையும் உடனே அணைத்தல் வேண்டும்.
2. சிலிண்டரின் ரெகுலேற்றரை மூடுதல் வேண்டும்.
3. கதவுகளையும் யன்னல்களையும் திறந்துவிட்டு, யாவரும் வெளியேறுதல் வேண்டும்.
4. மின் ஆளிகளைப் போடவோ நிறுத்தவோ கூடாது. அதனால் எழும் சிறு பொறியே வாயுவைப் பற்றவைக்கப் போதுமானது.

மணம் முற்றாக நீங்கிய பின்னரே கசிவைத் தேடலாம். தீக்குச்சியைக் கொளுத்திப் பார்த்தல் உயிருக்கே ஆபத்தாகும். அடுப்பை மூடியபடியே ரெகுலேற்றரைத் திறந்து, குழாயிலும் பொருத்துகளிலும் சவர்க்கார நீரைப் பூசினால், கசியும் இடத்தில் குமிழிகள் தோன்றும். குமிழி கண்டவுடன் ரெகுலேற்றரை மீண்டும் மூடுதல் வேண்டும். வெடித்த குழாயை, மருந்து தெளிகருவியின் குழாய்க்குச் செய்வது போலச் சைக்கிள் ரியூப் துண்டினால் சுற்றிக் கட்டுதல் ஆகாது. புதிய குழாயையே பொருத்துதல் வேண்டும். ரெகுலேற்றரையோ சிலிண்டரின் வால்வையோ வீட்டார் கழற்றலாகாது. அக்குறைகளை விற்பனையாளருக்கு அறிவித்தல் வேண்டும்.

சுவாலை காட்டும் குறிகள்

நல்ல சுவாலை நீல நிறமாகவும் அசைவின்றியும் எரியும். சுவாலை மஞ்சளாகிப் பானையின் அடியில் கரி படியுமாயின், வாயுவுடன் போதிய காற்றுக் கலக்கவில்லை என்பது பொருள். அடுப்பு ஆறிய பின் பேர்னரைக் கழற்றி, தூரிகையினால் துளைகளைத் துப்புரவாக்கி, நன்கு உலர்த்திப் பொருத்தினால் பெரும்பாலும் இக்குறை நீங்கும். வாயு வெளிவரும் நுண்துளையைக் கம்பியினால் குத்திப் பெரிதாக்குதல் தகாது.

நுவரெலியா போன்ற மலைப்பகுதிகளில், குளிர்மிகுந்த காலை வேளைகளில் சுவாலை தளர்வதுண்டு. குளிரினால் சிலிண்டரின் அமுக்கம் குறைவதே இதற்குக் காரணமாகும். அதற்காகச் சிலிண்டரை நெருப்பருகே வைத்தோ சுடுநீர் ஊற்றியோ சூடாக்குதல் கூடாது.

குளிருக்கு அஞ்சி, அறையை அடைத்து அடுப்பை எரியவிட்டு உறங்குதலும் மிகக் கேடானது. காற்றுக் குறைந்த அறையில் எரியும் சுவாலையிலிருந்து காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு உண்டாகும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தலையிடி, மயக்கம், குமட்டல் ஆகியன தோன்றின் உடனே வெளிக்காற்றுக்குச் சென்று, வைத்திய உதவியை நாடுதல் வேண்டும்.

சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தி, காற்றோட்டமுள்ள இடத்திலேயே வைத்தல் நன்று. நீரிறைக்கும் இயந்திரத்துக்கான எண்ணெய், வைக்கோல், சாக்குகள் ஆகியவற்றை அதனருகே வைக்காதிருத்தலும், இரவில் உறங்குமுன் ரெகுலேற்றரை மூடுதலும் ஒவ்வொரு வீட்டினதும் வழக்கமாதல் வேண்டும்.