தப்பு கருப்பன் மேல இல்லை!



சுவர் இதழுக்கு நாய் மூத்திரத்தைப் பற்றி எழுதப் போறேன்னு சொன்னதும் பசங்க எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. சிரிக்கட்டும். நாய், பூனை வளர்க்கிறவங்க இதைக் கடைசி வரை படிங்க. உங்களுக்குக் கட்டாயம் உதவும்.

போன ஐப்பசி மழையில் கூட்டேரிப்பட்டு பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு கருப்பு நாய்க்குட்டி நடுங்கிக்கிட்டு நின்னது. நான் வீட்டுக்குத் தூக்கி வந்துட்டேன். பேரு கருப்பன். வந்த மறுநாளே எங்க கூடத்தில், நெல் மூட்டை ஓரமா ஒண்ணுக்கு போயிட்டான். அதுக்கப்புறம் தினமும் அதே மூலைதான்! அடிச்சாலும் அதே மூலை, அதட்டினாலும் அதே மூலை.

"இன்னாடா இது, வீடா மாட்டுக்கொட்டாயா? பொங்கலுக்குள்ள இந்த நாத்தம் போவணும். இல்லன்னா அத ரோட்டாண்ட கொண்டு போய் விட்டுடு" என்று ஆயா கண்டிப்பா சொல்லிட்டாங்க. நம்ம ஊர் ரோடு எப்படிப்பட்டது? திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் நான்கு வழிச் சாலை. ராத்திரி பகல் பார்க்காம லாரியும் பஸ்ஸும் பறக்குது. அங்கே ஒரு குட்டி நாய் எத்தனை நாள் உயிரோடு இருக்கும்? எனக்குத் தூக்கமே வரலை.

நான் செய்த மூன்று தவறுகள்

முதல் தவறு பினாயில். ஊத்தித் துடைச்சா ரெண்டு நாள் நல்லா வாசனை அடிக்கும். மூணாவது நாள் மழை பெய்ததும் பழைய நாத்தம் திரும்பி வந்துடும். பினாயில் நாத்தத்தைப் பூசி மெழுகுமே தவிர, போக்காது.

இரண்டாவது தவறு பிளீச்சிங் பவுடர். ஈர மூத்திரத்து மேலேயே கொட்டிட்டேன். கொஞ்ச நேரத்தில் கண் எரிஞ்சது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆயாவுக்கு இருமல் நிற்கவே இல்லை. அவங்களுக்கு ஏற்கனவே இளைப்பு உண்டு. ஜன்னலைத் திறந்து அவங்களை வாசலுக்குக் கூட்டிட்டுப் போன பிறகுதான் எனக்கு உயிரே வந்தது.

மூன்றாவது தவறு, பாத்ரூம் கழுவும் ஆசிட். சமையல் ரூம் வாசலில் இருக்கும் கடப்பாக்கல்லில் கொஞ்சம் ஊத்தினேன். பொங்கி நுரைச்சது. கல் வெளுத்துப் போச்சு. அந்த வெள்ளைத் தழும்பு இன்னும் அப்படியே இருக்கு.

அறிவியல் சார் சொன்ன விளக்கம்

கடைசியில் எங்க அறிவியல் சாரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டாம விளக்கினார்.

சிறுநீரில் யூரியா இருக்கு. நம்ம வயலுக்குப் போடுறோமே, அதே யூரியாதான். மூட்டையில் 46 சதவீதம் நைட்ரஜன் என்று போட்டிருக்கும், பார்த்திருப்பீங்க. தரையில் கிடக்கும் சிறுநீரைப் பாக்டீரியாக்கள் யூரியேஸ் என்ற நொதியால் சிதைக்கும். அப்போது அம்மோனியா வாயு வரும். மூக்கைத் துளைக்கும் நெடி அதுதான். அதனால்தான் புது மூத்திரத்தை விட பழையது அதிகமா நாறுது.

சிமெண்ட் தரையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கு. டைல்ஸ் போட்ட வீடுன்னா இடையில் இருக்கும் கோடுகள். சிறுநீர் அதற்குள் இறங்கிக் காய்ந்து உப்பா தங்கிடும். மழைக்காலத்தில் ஈரம் பட்டதும் மறுபடி நாறும். நமக்கு நாத்தம் தெரியாத போதும் நாய்க்குத் தெரியும். "இதுதான் நம்ம இடம்" என்று திரும்ப அங்கேயே போகும். ஆக, நாங்க சரியா கழுவாததற்குக் கருப்பன் அடி வாங்கியிருக்கான்!

பிளீச்சிங் பவுடர் அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு வரும். ஆசிட்டோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும். ரெண்டுமே நுரையீரலுக்கு ஆபத்து. கடப்பாக்கல் என்பது சுண்ணாம்புக் கல் வகை. லேபில் சுண்ணாம்புக்கல் மேல் அமிலம் விட்டுப் பார்த்தோமே, அதே வினைதான் எங்க வீட்டு வாசலில் நடந்தது. மார்பிள், மொசைக், சிமெண்ட் தரைக்கும் ஆசிட், வினிகர், எலுமிச்சை எதுவும் ஆகாது.

சரியான முறை

1. கையில் பிளாஸ்டிக் கவர் மாட்டிக்கோங்க. நாய் மூத்திரம் வழியாகவும் எலிக்காய்ச்சல் பரவலாம்.

2. ஈரமா இருக்கும்போதே பழைய பருத்தித் துணியைப் போட்டு ஒத்தி எடுங்க. தேய்க்காதீங்க. தேய்ச்சா பரவும்.

3. தண்ணீர் ஊத்தி மறுபடி ஒத்தி எடுங்க. ரெண்டு மூணு தடவை செய்யணும்.

4. துணி துவைக்கும் தூளை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைச்சு ஊத்தி, பத்து நிமிஷம் ஊறவிட்டு, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்க.

5. ஆப்ப சோடாவைத் தண்ணீரில் குழைச்சு அந்த இடத்தில் பூசி, ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் கழுவுங்க.

6. ஜன்னலைத் திறந்து, ஃபேன் போட்டு நல்லா காயவிடுங்க.

பழைய கறைக்கு: முதலில் ஈரத்துணியை ஒரு மணி நேரம் போட்டு வைங்க. உள்ளே காய்ந்தது இளகும். பிறகு மேலே சொன்னதை மூன்று நாள் தொடர்ந்து செய்யணும். செல்லப் பிராணிக் கடைகளில் நொதி கலந்த திரவமும் கிடைக்கும். அதைப் பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் வரை ஈரம் காயாம விடணும். எதை ஊத்தினாலும் முதலில் ஓரமா ஒரு சின்ன இடத்தில் சோதிச்சுப் பாருங்க.

உங்களுக்குத் தெரியுமா?

1828-இல் ஜெர்மன் விஞ்ஞானி வோலர் யூரியாவை உயிரினத்தின் உதவியே இல்லாமல் ஆய்வகத்தில் உருவாக்கினார். 1926-இல் அமெரிக்க விஞ்ஞானி சம்னர், வாளவரை இனத்து விதையிலிருந்து யூரியேஸைப் படிகமாகப் பிரித்தார். படிகமாகப் பிரிக்கப்பட்ட முதல் நொதி அதுதான். இதற்காக 1946-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நாம மூக்கைப் பொத்திக்கிற விஷயத்தில் நோபல் பரிசே இருக்கு!

கடைசியில் என்ன ஆச்சு?

எங்க கூடத்து சிவப்பு சிமெண்ட் தரைக்கு நாலு நாள் ஆச்சு. காலையில் எழுந்ததும், சாப்பிட்டதும் கருப்பனைத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். மார்கழி மழையிலும் அந்த மூலை நாறலை. கருப்பனும் அந்தப் பக்கம் போகலை. ஆயா மூலையில் குனிஞ்சு மோந்து பார்த்துட்டு, "சரி, இருந்து தொலையட்டும்" என்று சொன்னாங்க. போகிக்கு முதல் நாள் அவங்களே அவனுக்குப் பழைய சோறு வைச்சாங்க.

நண்பர்களே, வளர்ந்த நாயோ பூனையோ திடீர்னு வீட்டுக்குள்ளே போக ஆரம்பிச்சா அடிக்காதீங்க. அதுக்கு உடம்பு சரியில்லாம இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்க. ரோட்டில் விடும் முன்னாடி ஒரு பாக்கெட் ஆப்ப சோடா வாங்கிப் பாருங்க.



- பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்