அறிவிக்கப்படாத வியாதிகள்

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில், சிப்காட் ஆலைகளுக்கு அருகிலுள்ள செம்மங்குப்பத்தில், ஒரு வியாதியைப் பற்றிச் சர்க்காருக்குத் தெரிவிக்கும் கடமை யாருடையது என்று வினவினால், ஆஸ்பத்திரி டாக்டருடையது என்றே பலரும் விடையளிக்கக்கூடும். அது பாதி உண்மை. ராஜாஜியின் மந்திரிசபையில் தி. சே. சௌ. ராஜன் சுகாதார மந்திரியாக இருந்தபோது 1939இல் இயற்றப்பட்டு, தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம் என்ற பெயரில் இன்றும் அமலிலுள்ள சட்டமானது, வைத்தியரோடு நில்லாமல், ஆலை மேலாளர், தங்குவிடுதி நடத்துவோர், குடும்பத் தலைவர் ஆகியோர்மீதும் அந்தப் பொறுப்பைச் சுமத்துகிறது. அம்மை கண்ட வீட்டின் வாயிலில் வேப்பிலை செருகி, அயலார் வரவைத் தவிர்த்த நம் வழக்கத்திலும் தனிமைப்படுத்தல் இருந்தது. தெருவுக்கு அறிவித்தலும் இருந்தது. சர்க்காருக்குத் தெரிவிப்பதுதான் நமக்குப் பழக்கமில்லாத காரியம்.

பழக்கமில்லாமைக்குப் பயமும் ஒரு காரணம். 2020 மே மாதத்தில், கோயம்பேடு சந்தையில் மூட்டை சுமந்து பிழைத்து, ஊரடங்கில் லாரியேறி ஊர் திரும்பிய தொழிலாளரால் கடலூர் மாவட்டத்தில் ஒரே நாளில் நூற்றுக்கு மேற்பட்டோருக்குக் கொரோனா உறுதியானபோது, அவர்கள் நோயாளிகளாக அன்றிக் குற்றவாளிகளாகவே பார்க்கப்பட்டார்கள். தனிமைப்படுத்தும் அதிகாரம் சர்க்காருக்கு உண்டு என்பதில் ஐயமில்லை. தொற்று கண்டவர் தக்க இருப்பிடமின்றி இருந்தால், அவரை ஆஸ்பத்திரிக்கு மாற்றவும் 1939ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. தனிமை விதியை மீறியோருக்கு அதே 2020இல் ஐந்நூறு ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டது. ஆயினும், தகுந்த அதிகாரி சட்டப்படி உத்தரவிட்டாலன்றி நோயாளி வீட்டு வாசலில் அறிவிப்புத் தாள் ஒட்டலாகாது என்று சுப்ரீம் கோர்ட்டு அவ்வாண்டு டிசம்பரில் தெளிவுபடுத்தியது. ஆகவே வியாதியின் விவரம் சுகாதார அதிகாரியிடம் சேர வேண்டியதே தவிர, தெருவின் வம்புக்குரியதன்று. இறந்தவரின் அடக்கத்தைத் தடுப்போருக்குச் சிறை விதிக்கும் திருத்தமும் அவ்வாண்டே வந்தது. சென்னையில் தொற்றால் மாண்ட ஒரு வைத்தியரின் அடக்கம் கல்லெறியால் தடுக்கப்பட்ட வெட்கக்கேட்டின் பின்னரே அது வந்தது என்பதையும் மறப்பதற்கில்லை.

தடுப்பூசி விஷயத்தில் சட்டத்தின் நிலை இன்னும் நுட்பமானது. 2021 நவம்பரில், பொது இடங்களுக்கு வருவோர் கொரோனா ஊசி போட்டிருக்க வேண்டுமென்று பொதுச் சுகாதார இயக்குநர் 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உத்தரவிட்டார். 2022 மே 2ஆம் நாள் சுப்ரீம் கோர்ட்டு, எந்தப் பிரஜையையும் நிர்ப்பந்தித்து ஊசி போடலாகாது எனவும், சமூக க்ஷேமத்திற்கான கட்டுப்பாடுகள் ஆபத்தின் அளவுக்குத் தக்கபடி மட்டுமே விதிக்கப்படலாம் எனவும் தீர்ப்பளித்தது. இதை ஊசி வேண்டாமென்பதற்கு அநுமதியாகக் கொள்வது தவறான பொருள் கோடல் என்பது என் அபிப்பிராயம். 2017இல் தட்டம்மை, ரூபெல்லா ஊசியைப் பற்றி வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியால் எத்தனையோ தாய்மார் பள்ளிக்குக் குழந்தைகளை அனுப்பவே அஞ்சியது நினைவிருக்கும். ஊசியின் பெயரையும் பயனையும் கேட்டறியவும், போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே அமர்ந்திருக்கவும், விபரீதம் நேர்ந்தால் அதைப் பதிவு செய்யும்படி கோரவும் பெற்றோருக்கு உரிமையுண்டு. அந்த உரிமையைப் பிரயோகிப்பவருக்கு வதந்தி தேவைப்படாது.

அறிவித்தல் என்பது தொற்றுநோய்க்கு மட்டுமே என்று கருதுவோரும் உளர். ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாத பாம்புக்கடியும் 2024 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் அறிவிக்கத்தக்கதாயிற்று. எங்கே எத்தனை பேர் கடிபடுகிறார்கள் என்பது தெரிந்தாலன்றி, விஷமுறிவு மருந்தை எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் எவ்வளவு வைப்பது என்று யாரால் நிர்ணயிக்க இயலும்? காசநோயும் 2012 முதல் தனியார் வைத்தியரும் தெரிவிக்க வேண்டிய நோயே. தெரிவிக்கப்பட்ட நோயாளிக்குச் சிகிச்சைக் காலத்தில் மாதந்தோறும் ஆயிரம் ரூபாய் ஊட்டச்சத்து உதவி கிடைக்கிறது. மறைத்தவருக்கு அது கிட்டாது.

செம்மங்குப்பத்துக்கு மிக நெருங்கிய விதியோ சுகாதாரச் சட்டத்தில் இல்லை. அது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 89ஆவது பிரிவாக இருந்தது. ஈய விஷம், பாதரச விஷம், பென்சீன் விஷம், குரோமியப் புண், சிலிக்கோசிஸ் முதலான 29 தொழில்சார் வியாதிகளுள் ஏதேனும் தொழிலாளியைப் பற்றினால், ஆலை மேலாளர் அதை உரிய அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. சிகிச்சையளிக்கும் வைத்தியரும் தலைமை ஆய்வாளருக்கு எழுதியாக வேண்டியிருந்தது. இக்கடமை 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. சிப்காட் சூழலின் காற்றைப் பரிசோதித்து, அங்கு வாழ்வோருக்குப் புற்றுநோய் அபாயம் மிகுதியென்று நாகபுரியின் தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்து ஆண்டுகள் பல கடந்துவிட்டன. அப்படிப்பட்ட இடத்தில் மூச்சிரைப்புக்காரரின் சீட்டில் "ஆஸ்துமா" என்று மட்டும் எழுதப்படுமானால், அவருடைய நோய்க்கும் ஆலைக்கும் உள்ள சம்பந்தம் அங்கேயே அறுந்துபோகிறது.

எனவே ஓ.பி. சீட்டு எழுதும்போதே, செய்யும் தொழில், ஆலையின் பிரிவு, புழங்கும் ரசாயனம், வேலையில் சேர்ந்த ஆண்டு ஆகியவற்றைச் சொல்லி எழுதச் செய்யுங்கள். ஒப்பந்தத் தொழிலாளரும் இதில் விலக்கல்லர். இ.எஸ்.ஐ. காப்பீட்டுக்கு உட்பட்டவர் தொழில்சார் வியாதிக்கு அதன் வழியாகவும், உட்படாதவர் தொழிலாளர் இழப்பீட்டு விதிகளின் வழியாகவும் ஈடு கோரலாம். ஆலைக்கு வெளியே வாழும் கிராமத்தார் விஷவாயுவாலோ கழிவாலோ பாதிக்கப்பட்டால், சென்னையிலுள்ள தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயத்தை நாடலாம். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்குவோர், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு எழுதிக் கொடுத்தால் இலவச உதவி கிடைக்கும். பெண்களும், பட்டியல் சாதி, பழங்குடியினரும், ஆலைத் தொழிலாளரும் அதற்கு வருமானச் சான்று காட்ட வேண்டியதில்லை.