தூக்கத்தை விரட்டிய மாத்திரை

பீட்டில்ஸ் என்றால் கோடிக்கணக்கில் விற்ற இசைத்தட்டுகள்தான் ஞாபகத்துக்கு வரும். அவர்கள் முதன்முதலாக வெளிநாடு போய் வாசித்த கதை வேறு. 1960 ஆகஸ்டில் ஐந்து இளைஞர்கள் இங்கிலாந்திலிருந்து வேனில் கிளம்பி, ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இறங்கினார்கள். ஜார்ஜ் ஹாரிசனுக்கு அப்போது வயது 17தான்! தங்க இடம்? ஒரு சினிமா தியேட்டரின் பின்புறம், கழிவறையை ஒட்டிய சாமான் அறை. கணப்பு வசதிகூடக் கிடையாது. ராத்திரிக்கு நாலரை மணி நேரத்துக்குக் குறையாமல் கிளப்பில் வாசிக்க வேண்டும்.

உடம்பு தாங்குமா? அந்த ஹாம்பர்க் நாட்களில் குழுவில் சிலர் நாடியது 'பிரெலுடின்' என்ற மாத்திரையை. உண்மையில் அது குண்டானவர்கள் பசியை அடக்கச் சாப்பிட்டது! மூளையைத் தட்டி எழுப்பும் ரசாயனங்களை அது அதிகப்படுத்தும். பசிக்காது, தூக்கம் வராது, நாக்கு வறளும். களைப்பு போய்விட்டதா என்றால், இல்லை. தெரியாமல் இருக்கிறது, அவ்வளவுதான். இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும். வேகம் அடங்கியதும் சோர்வு, எரிச்சல். இன்னொன்று போடலாமா என்று மனசு கேட்கும். பழக்கமாவது இப்படித்தான்.

பரீட்சை சமயத்தில் "கண் முழிக்க இதைப் போட்டுக்கோ" என்று யாராவது உங்கள் பிள்ளையிடம் மாத்திரை நீட்டினால், முதலில் அதை வாங்கி உங்கள் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.