ஸ்கூட்டருக்குள் ஆறு கவண்கல்

கொல்கத்தாவின் தெற்கே டாலிகஞ்ச் என்றொரு பகுதி இருக்கிறது. வங்காளப் படங்கள் எடுக்கும் ஸ்டுடியோக்கள் அங்கேதான். தெலுங்குப் பட உலகை 'டாலிவுட்' என்கிறோம் அல்லவா? 1932-லேயே அந்தப் பெயர் டாலிகஞ்சுக்குச் சூட்டப்பட்டுவிட்டது. என் அக்கா குடும்பம் அங்கே இருக்கிறது. பூஜை விடுமுறைக்குப் போயிருந்தபோது, "லேக் மார்க்கெட்டுக்குப் போய் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கிட்டு வாடா" என்று அக்கா பையை நீட்டினாள். நம் ஊர்ச் சாமான்கள் கிடைக்கிற கடைத்தெரு அது. ஏழாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகனை ஹெல்மெட்டோடு பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினேன்.

லேக் கார்டன்ஸ் மேம்பாலத்தில் ஏறும்போதுதான் வம்பு. ஆக்சிலேட்டரைத் திருகினால் சத்தம் மட்டும் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. கூடவே காலுக்குக் கீழே டகடகவென்று ஒரு நடுக்கம்.

"மாமா, ஒரு கியர் குறைங்க!" என்றான் பையன்.

"இதுல ஏதுடா கியர்?"

"அப்ப மேடு வந்தா வண்டிக்கு எப்படித் தெரியும்?"

நல்ல கேள்வி. பதில் மறுநாள் காலை, தெருமுனை மெக்கானிக் கடையில் கிடைத்தது.

ஸ்கூட்டரின் இடப்பக்கம் நீளமாக ஒரு மூடி இருக்கும், பார்த்திருப்பீர்கள். மிஸ்திரி (மெக்கானிக்) அதன் போல்ட்டுகளைக் கழற்றி மூடியை எடுத்தார். உள்ளே முன்னால் ஒரு கப்பி, பின்னால் ஒரு கப்பி, இரண்டையும் சுற்றி முக்கோண வெட்டுள்ள ரப்பர் பெல்ட். அவ்வளவுதான். பல்சக்கரக் கூட்டம் எதையும் காணோம்.

இந்தக் கப்பிகளில்தான் சூட்சுமம். வீட்டில் இரண்டு சாஸர்களை எடுத்து, அடியும் அடியும் பார்க்கும்படி ஒட்டி வையுங்கள். விளிம்பைச் சுற்றி 'வி' வடிவத்தில் ஒரு பள்ளம் தெரிகிறதா? அதில் பெல்ட் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். சாஸர்களை விலக்கினால் பெல்ட் உள்ளே மையத்தை நோக்கி இறங்கும், கப்பி சின்னதாகிவிடும். நெருக்கினால் பெல்ட் விளிம்புக்கு ஏறும், அதே கப்பி பெரிதாகிவிடும். முன் கப்பியில் பெல்ட் ஏறும்போது பின் கப்பியில் இறங்கியாக வேண்டும், ஏனென்றால் பெல்ட்டின் நீளம் மாறாது. கியர் சைக்கிளில் சங்கிலி ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது. இங்கே தாவலே இல்லை, வழுக்கிக்கொண்டு போகிறது. கிளம்பும்போது முன் கப்பி சுமார் இரண்டரைச் சுற்று சுற்றினால் பின் கப்பி ஒரு சுற்று சுற்றும். வேகம் பிடித்தபின் முன் கப்பியைவிடப் பின் கப்பி வேகமாகவே சுற்றும். இடையிலுள்ள அளவுகள் எல்லாமே கியர்தான்.

சரி, சாஸர்களை நெருக்குவது யார்? முன் கப்பியின் பெயர் வேரியேட்டர். மிஸ்திரி அதைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். உள்ளே சரிவான ஆறு குழிகள், குழிக்கொன்றாக ஆறு ரோலர்கள். கட்டைவிரல் நுனி பருமன், வெளியே பிளாஸ்டிக் தோல், உள்ளே உலோகம். ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். உருளையாக இருக்க வேண்டியது ஒரு பக்கம் பட்டையாகத் தேய்ந்திருந்தது. நேற்றைய டகடகவுக்குக் காரணம் இதுதான். உருள வேண்டிய இடத்தில் அது சிக்கிச் சிக்கி நகர்ந்திருக்கிறது.

கவணில் கல்லை வைத்துச் சுழற்றினால் கை வெளியே இழுபடும், இல்லையா? கல் நேர்கோட்டில் போகவே பார்க்கும். வாரை இழுத்துப் பிடித்து வட்டத்துக்குள் வைத்திருக்கிறோம். ரோலரும் கவண்கல்தான். எஞ்சின் சுற்றச் சுற்ற அது வெளிப்பக்கம் ஓடும். அங்கே பாதை சரிவாக இருப்பதால், சந்தில் நுழைகிற ஆப்புபோல, கப்பியின் நகரும் பாதியைப் பக்கவாட்டில் தள்ளும். பின் கப்பியில் கெட்டியான ஸ்பிரிங் ஒன்று எதிர்த்து நிற்கும். ரோலர் ஜெயித்தால் வேக கியர், ஸ்பிரிங் ஜெயித்தால் இழுவை கியர். மேட்டில் ஏறும்போது பாரத்தை உணர்ந்து ஸ்பிரிங்குக்குக் கைகொடுக்க, பின் கப்பியில் சாய்வாக வெட்டிய காடி ஒன்றும் உண்டு. பையன் கேட்ட கேள்விக்கு விடை அந்தக் காடி.

ஒரு சின்னக் கணக்கு. ரோலரின் எடை 15 கிராம், மையத்திலிருந்து 3 செ.மீ. தள்ளி இருக்கிறது, எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பொடி ரோலர் சுமார் 18 கிலோ எடைக்குச் சமமான விசையோடு சுவரை அமுக்கும்! தன் எடையைப்போல் 1,200 மடங்கு. ஆறும் சேர்ந்தால் நூறு கிலோவைத் தாண்டும். பட்டையாகத் தேயாமல் என்ன செய்யும், பாவம்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது மாடிவீட்டுக் கல்லூரி அண்ணன் ஒருவர் வந்து சேர்ந்தார். தன் ஸ்கூட்டருக்கு எடை குறைந்த ரோலர் போட்டுத் தரச் சொன்னார். "பிக்கப்பும் வேணும், டாப் ஸ்பீடும் ஏறணும்" என்பது கோரிக்கை. மிஸ்திரி சிரித்துக்கொண்டே, "ஹால்கா திலே தேல் பேஷி காபே" என்றார். எனக்கு 'தேள்' என்று காதில் விழுந்து, காலைத் தூக்கிக்கொண்டேன். 'ரோலர் லேசாப் போட்டா எண்ணெய் அதிகம் குடிக்கும்' என்று அர்த்தமாம். இங்கே எண்ணெய் என்றால் பெட்ரோல். பையன் மொழிபெயர்த்துவிட்டு அரை மணி நேரம் சிரித்தான்.

மிஸ்திரி சொன்னது சரிதான். ரோலரை 15 கிராமிலிருந்து 12 கிராமாகக் குறைத்தால், முன்பு 6,000 சுற்றில் கொடுத்த அதே விசையைக் கொடுக்க எஞ்சின் சுமார் 6,700 சுற்று சுற்ற வேண்டும். அதுவரை வண்டி இழுவை கியரிலேயே இருக்கும். அதனால் சிக்னலில் பச்சை விழுந்ததும் சீறும், மேட்டில் சுறுசுறுப்பாக ஏறும். ஆனால் சும்மா போகும்போதும் எஞ்சின் கத்திக்கொண்டே இருக்கும், பெட்ரோல் கூடுதலாகப் போகும். கனமான ரோலர் போட்டால் நேரெதிர்: எஞ்சின் அமைதியாக ஓடும், மைலேஜ் கூடும், மேம்பாலத்தில் மூச்சு வாங்கும்.

டாப் ஸ்பீடு? அதைக் கேட்டால் மாடிவீட்டு அண்ணன் முகம் வாடிவிடும். பெரும்பாலான 110 சிசி ஸ்கூட்டர்களின் சக்தி சுமார் 8 குதிரைத்திறன். வேரியேட்டர் அதில் ஒரு துளிகூட உற்பத்தி செய்வதில்லை. நூறு ரூபாய் நோட்டுக்குச் சில்லறை மாற்றித் தருகிறவர் போன்றது அது. பத்து ரூபாயாகத் தரலாம், இருபதாகத் தரலாம், நூற்றைந்து தர முடியாது. உச்ச வேகத்தில் நமக்கு எதிரி காற்று. காற்றைப் பிளக்கத் தேவைப்படும் சக்தி, வேகத்தின் மும்மடியாக ஏறும். 80 கிலோமீட்டர் வேகத்தை 88 ஆக்க, அதற்கு மட்டும் மூன்றில் ஒரு பங்கு சக்தி கூடுதலாக வேண்டும். ரோலரை மாற்றினால் அது எங்கிருந்து வரும்? ரொம்பவும் லேசான ரோலர் போட்டால் கப்பி முழுதாக நெருங்காமல் நின்றுபோய், இருந்த வேகமும் குறையலாம்.

வேகம் நிஜமாகக் குறைந்த வண்டி என்றால் முதலில் பெல்ட்டைப் பார்க்க வேண்டும். பெல்ட்டின் அகலம் தேய்ந்தால் அது முன் கப்பியில் விளிம்புவரை ஏறாது. புதுப் பெல்ட்டும் பழைய எடையிலேயே புது ரோலர்களும் போட்டால் போதும், வண்டிக்கு இளமை திரும்பிவிடும். எங்கள் வண்டிக்கு அதைத்தான் செய்தார்.

திரும்பும் வழியில் டாலிகஞ்ச் டிராம் டிப்போ. கொல்கத்தாவில் 1902-இல் மின்சார டிராம் வந்தது. (சென்னையில் 1895-லேயே ஓடியது, 1953-இல் நிறுத்திவிட்டார்கள். எனக்கு அந்த வருத்தம் இன்னும் உண்டு.) டிராமுக்கு கியர்பெட்டி இல்லை, வேரியேட்டரும் இல்லை. மின் மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு பலத்தோடு இழுக்கும். பெட்ரோல் எஞ்சின் அப்படி இல்லை. மெதுவாகச் சுற்றும்போது சோனி, குறிப்பிட்ட சுற்றுகளில்தான் பலசாலி. அந்தச் சுற்றுகளிலேயே அதை வைத்திருக்கத்தான் இத்தனை பாடு.

இந்தப் பெல்ட் வித்தையைக் காருக்குள் கொண்டுவந்து பெயர் வாங்கியவர் நெதர்லாந்தின் ஹுப் வான் டோர்ன். அவருடைய டாஃப் கார் 1958-இல் வந்தது. முன்னே போகும் வேகத்திலேயே பின்னாலும் போகும் கார் அது! அந்த ஊரில் அதை வைத்துப் பின்னோக்கி ஓட்டும் பந்தயமே நடத்தினார்கள். 1993-இல் வில்லியம்ஸ் அணி, பெல்ட்டில் ஓடும் ஃபார்முலா ஒன் காரைச் சோதித்துப் பார்த்தது. அது பந்தயத்துக்கு வருவதற்குள் விதியை மாற்றித் தடுத்துவிட்டார்கள். நம் நாட்டில் கியர் இல்லாத ஸ்கூட்டரைப் பிரபலமாக்கியது 1984-இல் வந்த கைனெடிக் ஹோண்டா. கொல்கத்தாவில் இந்தியாவின் முதல் மெட்ரோ ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். அது டாலிகஞ்சை எட்ட 1986 ஆயிற்று.

நீங்களும் ஒரு வேரியேட்டர் செய்யலாம். ரீஃபில் எடுத்த பால்பாயிண்ட் பேனாவின் இருபுறமும் திறந்த குழாய் ஒன்று, ஒரு மீட்டர் கெட்டி நூல், ஓர் அழிரப்பர், ஒரு சாவிக்கொத்து. நூலைக் குழாய்க்குள் விட்டு, மேல்முனையில் ரப்பரையும் கீழ்முனையில் சாவியையும் இறுக்கிக் கட்டுங்கள். குழாயைப் பிடித்து ரப்பரைத் தலைக்குமேல் சுழற்றுங்கள். வேகம் கூடியதும் சாவிக்கொத்து தானாக மேலே ஏறும். ரப்பர்தான் ரோலர், சாவி ஸ்பிரிங். இப்போது ரப்பரைப் பாதியாக வெட்டிக் கட்டிவிட்டுச் சுழற்றுங்கள். அதே சாவியை அதே உயரத்துக்குத் தூக்க எவ்வளவு வேகமாகச் சுழற்ற வேண்டியிருக்கிறது? பத்து விநாடிக்கு எத்தனை சுற்று என்று நண்பனை எண்ணச் சொல்லுங்கள். ஏறக்குறைய 1.4 மடங்கு வர வேண்டும். திறந்த மைதானத்தில் செய்யுங்கள், யார் முகத்துக்கும் அருகில் வேண்டாம்.

தேய்ந்த ஆறு ரோலர்களில் ஒன்றை அக்கா மகன் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டான். கணக்கு நோட்டின்மேல் உருட்டினால் இரண்டு அங்குலம் போய், பட்டைப் பக்கம் கீழே வந்ததும் 'டக்' என்று நின்றுவிடுகிறதாம்.