மயோசீன் பாறைகளின் காலத்தைக் கூறும் நுண்ணிய ஓடுகள்

திருப்பதியிலிருந்து திருமலைக்கு ஏறும் மலைப்பாதையின் ஓரத்தில், அடியிலுள்ள பழைய கருங்கல்லும் அதன் மீது படிந்த நகரிக் குவார்ட்சைட்டும் சந்திக்கும் கோடு தெளிவாகத் தெரிகிறது. இவ்விரு பாறைகளுக்கும் இடையே ஏறத்தாழ 80 கோடி ஆண்டுகள் கழிந்தன என்பது வழக்கமாகக் கூறப்படும் கணக்கு. இதனை அறியத் தொல்லுயிர் எச்சம் எதுவும் உதவுவதில்லை; ஓடுடைய உயிர்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே உண்டான பாறைகள் இவை. கதிரியக்கத் தனிமங்களின் சிதைவே இங்குக் கடிகாரம். கிழக்கே சத்தியவேட்டுப் பக்கத்திலுள்ள மணற்கற்களோ கிரெட்டேசியஸ் காலத்தவை. ஆகவே, 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்த மயோசீன் காலத்துக் கடற்படிவுகளைக் காணச் சித்தூர், திருப்பதி ஆசிரியர்கள் தம் மாவட்டங்களைக் கடந்தே செல்லவேண்டும்.

அக்காலத்துக் கடற்பாறைகளை மண்டலங்களாக வகுக்கப் பெரிதும் பயன்படுபவை போராமினிபெரா என்னும் ஒற்றை உயிரணு உயிர்களின் ஓடுகள். இவற்றுட் பல மணல் துகளினும் சிறியவை. உயிர் மடிந்தபின் ஓடு கடலடிச் சேற்றில் புதைகிறது. ஓர் இனம் தோன்றும் மட்டமும் அது மறையும் மட்டமும் அடுக்கில் இரு கோடுகளாக அமைகின்றன. பல இனங்களின் கோடுகளை ஒருங்கே வைத்து நோக்கினால் மண்டலங்கள் தாமே புலப்படும்.

தென்னிந்தியாவில் இதற்கு நல்ல சான்று கொல்லம். அஷ்டமுடி ஏரிக்கரையில் படப்பக்கரை என்னுமிடத்தில் சுண்ணாம்புக்கல் வெளிப்பட்டுள்ளது. திருவிதாங்கூரில் ரெசிடெண்டாக இருந்த ஜெனரல் கல்லன் கொல்லத்துக் கல்லைச் சேகரித்தார். பம்பாயில் மருத்துவராகப் பணியாற்றிய எச். ஜே. கார்ட்டர் 1850களில் அதிலிருந்த வட்ட வில்லை போன்ற ஓட்டினை விவரித்து, மலபாரின் பெயரால் 'மலபாரிக்கா' எனப் பெயரிட்டார். வெறுங்கண்ணுக்கே புலப்படும் போராமினிபெரா இது. பேரினப் பெயர் பின்னர்ப் பலமுறை மாறிற்று. மலபாரிக்கா என்னும் சிறப்புப் பெயர் மட்டும் நிலைத்தது. இதே வில்லை கச்சிலும் யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல்லிலும் கிடைக்கிறது. இலங்கையின் மயோசீன் பாறைகளைப் பற்றி 1923இல் எழுதிய வேலண்டும் டேவிசும் அவற்றைக் கொல்லத்துப் பாறையோடு ஒப்பிட இது துணைநின்றது. இடையே கடல் இருப்பினும், இவை மயோசீனின் முற்பகுதியில், பர்டிகாலியன் எனப்படும் கட்டத்தில், படிந்தவை என்று கொள்ள இடமேற்பட்டது.

ஆயினும் இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. மலபாரிக்கா கடலடியில் வாழ்ந்தது. வெதுவெதுப்பான, ஆழமற்ற நீரையே நாடியது. அதே காலத்தில் ஆழ்கடலில் படிந்த களிமண்ணில் அதனைத் தேடினால் கிடைக்காது. கிடைக்காமையைக் கொண்டு, 'இது வேறு காலத்துப் பாறை' என்று முடிவு செய்வது பெரும்பிழை. ஆற்றுப்படிவுகளின் நிலையும் இத்தகையதே: திருவக்கரையில் கல்லாகிய மரங்களைத் தாங்கிநிற்கும் கடலூர் மணற்கல்லை இம்முறையால் வகுக்க இயலாது.

இக்குறையை நீக்குபவை நீரில் மிதந்து வாழும் இனங்கள். நீரோட்டம் இவற்றைக் கடல்தோறும் பரப்பிவிடுவதால், தொலைவிலுள்ள படிவுகளையும் ஒரே கோட்டில் இணைக்கலாம். ஆர்புலினா இவற்றுள் புகழ்பெற்றது. இதன் முன்னோரின் ஓட்டில் பல அறைகள் தனித்தனியே தெரியும். தலைமுறைதோறும் கடைசி அறை பெருத்துப் பெருத்து, முடிவில் முந்திய அறைகள் யாவற்றையும் உள்ளடக்கிய முழு உருண்டையாயிற்று. இம்மாற்றத்தின் படிகளை டபிள்யூ. எச். பிளோ 1956இல் விளக்கினார். முழு உருண்டை முதன்முதல் தோன்றியது ஏறத்தாழ 1 கோடியே 51 இலட்சம் ஆண்டுகளுக்கு முன். டிரினிடாட் தீவில் போல்லி 1957இல் வகுத்த மண்டலங்களும், 1969இல் பிளோ எண்ணிட்டு அமைத்த மண்டலங்களும் உலகெங்கும் பயன்பட்டன. அந்தமான் தீவுகளின் படிவுகளைக் காசி இந்துப் பல்கலைக்கழகத்து எம். எஸ். ஸ்ரீநிவாசன் மிதவை இனங்களைக் கொண்டே ஆராய்ந்தார்.

களப்பணியாளர் கவனிக்கவேண்டியது, மாதிரி எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பது. மலைச்சரிவில் அடியிலிருந்து மேல்நோக்கிச் சேகரிக்கும்போது ஓர் இனத்தின் தோற்றமும் மறைவும் ஒருங்கே தெரியும். எண்ணெய்க் கிணற்றிலோ நிலைமை வேறு. துளையின் மேற்சுவரிலிருந்து உதிரும் துகள்கள் ஆழத்திலிருந்து வரும் துகள்களோடு கலந்துவிடுகின்றன. ஆர்புலினா தான் தோன்றாத காலத்துப் பாறையிலும் இருப்பதுபோல் காட்டும். ஆதலின் கிணற்றில் ஓர் இனத்தின் தோற்றத்தை நம்பாமல், அது மறைந்த மட்டத்தையே, அதாவது துளை இறங்குகையில் அது முதலில் தென்படும் ஆழத்தையே, எல்லையாகக் கொள்வர். எந்த மாதிரி எந்த ஆழத்தது என்று பையின்மேல் உடனே எழுதாவிடில், பின்னர் எத்துணைத் திறமையான ஆய்வாளரும் அக்குறையைச் சரிசெய்ய இயலாது.

ஓடுகளைப் பிரித்தெடுக்கும் முறை எளிது. களிமண்ணை நீரில் ஊறவைத்து, நுண்சல்லடையில் கழுவி, எஞ்சியதை உலர்த்தவேண்டும். பின்னர், நுண்ணோக்கியின்கீழ் ஈரத்தூரிகை நுனியால் ஒவ்வோர் ஓடாகப் பொறுக்கலாம். ஒரு மாதிரியைக் கழுவி முடித்தவுடன் சல்லடையை நன்கு துலக்குவது இன்றியமையாதது. முந்திய மாதிரியின் ஓடு ஒன்று கண்ணிகளில் தங்கிவிட்டாலும் அடுத்த பாறையின் காலம் பிழையாகும்.