ரத்தம் தெரியாவிட்டால் அது குழந்தைகள் படமா?

மேஜை மீது ஒரு பென்சிலைச் செங்குத்தாக நிறுத்துகிறான் ஜோக்கர். அதை மாயமாக மறைத்துக் காட்டுவதாகச் சொல்கிறான். அவனை அப்புறப்படுத்த அடியாள் ஒருவன் நெருங்குகிறான். அந்த அடியாளின் தலையைப் பிடித்து மேஜையில் ஒரே மோது. ஆள் சரிகிறான், பென்சிலைக் காணோம். ரத்தமோ காயமோ கண்ணில் படுவதற்குள் காட்சி முடிந்துவிடுகிறது.

கிறிஸ்டோபர் நோலன் இயக்கத்தில் 2008இல் வெளியான ‘தி டார்க் நைட்’ என்ற பேட்மேன் படத்தின் காட்சி இது. அமெரிக்காவில் அந்தப் படத்துக்குக் கிடைத்தது ‘பிஜி-13’ சான்றிதழ். பிரிட்டனில் ‘12ஏ’, அதாவது, 12 வயது நிரம்பாத குழந்தையும் பெரியவர் துணையோடு பார்க்கலாம். படம் பார்த்துத் திரும்பிய பெற்றோர் பலர் கொதித்துப்போனார்கள். அந்த ஆண்டு பிரிட்டன் தணிக்கை வாரியத்துக்கு மிக அதிகமான புகார்கள் வந்தது இந்தப் படத்தைப் பற்றித்தான், 350க்கும் மேல்.

சூப்பர் ஹீரோ படத்தில் எவ்வளவு வன்முறை இருக்கலாம், எவ்வளவு இருள் இருக்கலாம் என்ற கேள்வி ஒவ்வொரு பெரிய படம் வரும்போதும் தலைதூக்குகிறது. இந்த எல்லையை வகுப்பது யார், எதை வைத்து வகுக்கிறார்கள்?

கொல்லாத நாயகன்

பேட்மேன் 1939இல் காமிக்ஸில் அறிமுகமானபோது அப்படியொன்றும் சாதுவல்ல. 1940இல் வெளிவந்த ‘பேட்மேன்’ முதல் இதழில் விமானத்திலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் சுடுகிறார். அதைப் பார்த்த ஆசிரியர் விட்னி எல்ஸ்வொர்த், இனி பேட்மேன் துப்பாக்கி எடுக்கக் கூடாது, யாரையும் கொல்லக் கூடாது என்று உத்தரவு போட்டார். அதே இதழில் சாகவேண்டிய வில்லன் ஜோக்கரைப் பிழைக்க வைத்தவரும் அவர்தான். இன்று பேட்மேனின் அறமாகக் கொண்டாடப்படும் ‘கொல்லா விரதம்’, வாசகர்களில் பெரும்பாலோர் சிறுவர்கள் என்பதை உணர்ந்த ஒரு பதிப்பகம் எடுத்த முடிவு.

1954இல் கட்டுப்பாடு இன்னும் இறுகியது. சிறுவர்கள் கெட்டுப்போவதற்குக் காமிக்ஸும் காரணம் என்று மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தாம் புத்தகம் எழுதினார். அமெரிக்க செனட் குழு விசாரணை நடத்தியது. அரசு தலையிடும் முன் பதிப்பகங்கள் தாங்களாகவே ஒரு நெறிமுறையை ஏற்றுக்கொண்டன: குற்றவாளி தண்டிக்கப்பட வேண்டும், நன்மையே வெல்ல வேண்டும், கோரக் காட்சிகள் ஆகாது. மார்வெல் இதைக் கைவிட்டது 2001இல். டிசி கைவிட்டது 2011இல். சூப்பர் ஹீரோ என்றாலே சிறுவர் சமாச்சாரம் என்ற எண்ணம் வேரூன்றியதில் இந்த நெறிமுறைக்குப் பெரிய பங்கு உண்டு. 1986இல் ஃபிராங்க் மில்லர், ஆலன் மூர் போன்றோர் பெரியவர்களுக்கான கதைகளோடு வந்தபோதுதான் அந்த எண்ணம் ஆட்டம் கண்டது.

நடுவில் பிறந்த சான்றிதழ்

திரைப்படத்துக்கு வேறு கணக்கு. 1984இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி டெம்பிள் ஆஃப் டூம்’ படத்தில் ஒரு மனிதனின் நெஞ்சிலிருந்து இதயத்தைப் பிடுங்கி எடுக்கும் காட்சி வந்தது. ‘பிஜி’ சான்றிதழை நம்பிக் குழந்தைகளை அழைத்துப்போன பெற்றோர் அதிர்ந்தனர். ‘பிஜி’க்கும் ‘ஆர்’ சான்றிதழுக்கும் நடுவே ஒன்று வேண்டும் என்று ஸ்பீல்பெர்க்கே யோசனை சொன்னார். அந்த ஆண்டே ‘பிஜி-13’ பிறந்தது. 13 வயதுக்கு உட்பட்டவர்களின் பெற்றோருக்கு இது கடுமையான எச்சரிக்கை, தடை அல்ல.

ஹாலிவுட்டுக்கு இது வரப்பிரசாதம். ‘ஆர்’ வாங்கினால் 17 வயது நிரம்பாதவர்கள் பெரியவர் துணையில்லாமல் வர முடியாது. டிக்கெட் விற்பனை அடிபடும், பொம்மை விற்பனையும் படுக்கும். அதை 1992இல் வார்னர் பிரதர்ஸ் நன்றாகவே உணர்ந்தது. டிம் பர்ட்டன் இயக்கிய ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்தில் வாயில் கறுப்புத் திரவம் வழியும் பெங்குவின் என்ற வில்லனைப் பார்த்துக் குழந்தைகள் மிரண்டனர். அந்தப் படத்தின் பொம்மைகளைக் குழந்தைகள் உணவோடு தந்த மெக்டொனால்ட்ஸ் மீதும் பெற்றோரின் கோபம் திரும்பியது. அடுத்த படத்தின் இயக்குநர் நாற்காலி ஜோயல் ஷூமேக்கருக்குப் போனது. வண்ணமும் வேடிக்கையும் கூடின. 1997இல் வந்த ‘பேட்மேன் அண்ட் ராபின்’ கேலிக்குள்ளாகி, அடுத்த பேட்மேன் படத்துக்கு எட்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. இருட்டு கூடியபோது பெற்றோர் கோபித்தார்கள். வெளிச்சம் கூடியபோது ரசிகர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள்.

சாம்பலும் ரத்தமும்

சான்றிதழ் முறையின் பெரிய ஓட்டை, கண்ணுக்குத் தெரியும் ரத்தத்துக்கு அது கொடுக்கும் முக்கியத்துவம். 2018இல் வந்த ‘அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்’ படத்தில் வில்லன் தானோஸ் ஒரு சொடக்குப் போட, பிரபஞ்சத்து உயிர்களில் பாதி அழிகிறது. திரை வரலாற்றில் இதைவிடப் பெரிய படுகொலையைத் தேடினாலும் கிடைப்பது அரிது. ஆனால், எல்லோரும் சாம்பலாக உதிர்கிறார்கள். ஒரு துளி ரத்தம் இல்லை. சான்றிதழ் ‘பிஜி-13’. 2013இல் வந்த ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ படத்தில் மெட்ரோபோலிஸ் நகரின் அடுக்குமாடிகள் சரிகின்றன. கடைசியில் சூப்பர்மேன் வில்லனின் கழுத்தை முறிக்கிறார். அதற்கும் ‘பிஜி-13’தான்.

2017இல் வந்த ‘லோகன்’ ‘ஆர்’ சான்றிதழ் பெற்றது. இதில் நாயகன் வால்வரினின் நகங்கள் பாய்ந்தால் சதை கிழிகிறது, உடல் துண்டாகிறது. ஆனால், ஒவ்வொரு சாவுக்கும் அந்தப் படம் கணக்கு வைத்திருக்கிறது. நாயகன் களைத்துப்போனவன், குடிக்கிறான், காயங்கள் முன்போல ஆறுவதில்லை. தன்னைப் போலவே கொல்லப் பழக்கப்பட்ட சிறுமி லாராவுக்கு, தான் கொன்றவர்களை மனதில் சுமந்தபடிதான் வாழ வேண்டும் என்பதை உணர்த்துகிறான். படத்தைப் பார்த்து முடிப்பவருக்குக் கொலை செய்யும் ஆசை வராது.

சாவை வலியின்றி, விளையாட்டுபோலக் காட்டுவது ஆபத்தா, வலியோடு காட்டுவது ஆபத்தா? சான்றிதழில் இருக்கும் எழுத்து இதற்குப் பதில் சொல்வதில்லை. இந்தக் கேள்வியைப் படைப்பாளிகளே பிறகு எதிர்கொள்ள நேர்ந்தது. ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ இடிபாடுகளுக்கு நடுவே புரூஸ் வெய்ன் (பேட்மேன்) ஓடுவதைக் காட்டித்தான் 2016இல் ‘பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்’ தன் மோதலைத் தொடங்கியது. நாயகர்களின் சண்டையில் இறந்த அப்பாவிகளுக்கு யார் பொறுப்பு என்பதையே அதே ஆண்டு ‘கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்’ கதையாக்கியது.

வசூல் சொல்லும் பாடம்

‘ஆர்’ சான்றிதழ் என்றால் நட்டம் என்ற பயத்தை உடைத்தது 2016இல் வந்த ‘டெட்பூல்’. சுமார் 5.8 கோடி டாலரில் எடுத்த படம், உலகெங்கும் 78 கோடி டாலர் அளவுக்கு வசூலித்தது. 2019இல் ‘ஜோக்கர்’ 100 கோடி டாலரைத் தாண்டியது; வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கமும், வாக்கீன் ஃபீனிக்ஸுக்கு ஆஸ்கரும் வந்தன. ஆனால், ‘டெட்பூல்’ ரத்தத்தைக் கேலியாக்குகிறது, ‘லோகன்’ துயரமாக்குகிறது, ‘ஜோக்கர்’ நோயுற்ற ஒரு மனதின் புழுக்கத்தைக் காட்டுகிறது. மூன்றும் ஒரே எழுத்தைத்தான் சுமக்கின்றன. எல்லா ‘ஆர்’ படமும் ஓடிவிடவும் இல்லை. 2009இல் வந்த ‘வாட்ச்மென்’ எதிர்பார்த்த வசூலைத் தரவில்லை.

படம் பார்த்து ஒருவன் கொலைகாரன் ஆவானா என்ற விவாதம் பல பத்தாண்டுகளாக ஓய்ந்தபாடில்லை. 2012 ஜூலையில் அமெரிக்காவின் அரோரா நகரில், ‘தி டார்க் நைட் ரைசஸ்’ நள்ளிரவுக் காட்சியில் ஒருவன் சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். ‘ஜோக்கர்’ திரையரங்குகளுக்கு வரவிருந்தபோது, அங்கே உறவினரைப் பறிகொடுத்தவர்கள் வார்னர் பிரதர்ஸுக்குக் கடிதம் எழுதினார்கள். படத்தைத் தடை செய்யும்படி அவர்கள் கேட்கவில்லை. துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்குத் துணை நிற்கும்படி கேட்டார்கள்.

நம் ஊரில் என்ன நிலை?

தமிழில் ‘டப்’ ஆகி வரும் இந்தப் படங்களுக்கு மத்திய திரைப்படச் சான்றிதழ் வாரியம்தான் சான்றிதழ் தருகிறது. ‘டெட்பூல்’, ‘லோகன்’, ‘ஜோக்கர்’ மூன்றும் இங்கே ‘ஏ’. 2023இல் சட்டம் திருத்தப்பட்டு ‘யு/ஏ’ பிரிவு 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிந்தது. ஆனால், வாரியத்தின் கத்தரி எப்போதும் வன்முறைமீது மட்டும் பாய்வதில்லை. 2025இல் ஜேம்ஸ் கன் இயக்கிய ‘சூப்பர்மேன்’ படத்தில் வெட்டுப்பட்டுப் பேசுபொருளானது முத்தம். சுமார் 33 விநாடிகள்.

சூப்பர் ஹீரோ படம் எவ்வளவு இருட்டாகவும் இருக்கலாம். கதை கேட்டால் ரத்தமும் இருக்கலாம். ஆனால், திரையில் விழும் பிணத்துக்கு ஒரு பெறுமதி இருக்க வேண்டும்; பெரியவர்களுக்கு எடுத்த படத்தைப் பொம்மை காட்டிக் குழந்தைகளுக்கு விற்கக் கூடாது. முதலாவது இயக்குநரின் பொறுப்பு, இரண்டாவது தயாரிப்பு நிறுவனத்தின் பொறுப்பு.

மூன்றாவது பொறுப்பு பெற்றோருடையது. ‘ஏ’ படத்துக்கு 18 வயது நிரம்பாதவரை அனுமதிக்கச் சட்டத்தில் இடமில்லை. ஆனால், ‘யு/ஏ 16+’ என்ற எண் பெற்றோருக்கான வழிகாட்டி மட்டுமே. அதைக் காட்டித் திரையரங்கம் உங்கள் குழந்தையைத் தடுக்காது. ஓடிடி தளங்களில் 13+ முதலான படங்களுக்குப் பூட்டுப் போடும் வசதி கட்டாயம். அந்தப் பூட்டைப் போடுவது நீங்கள்தான். டிக்கெட் எடுக்கும் முன், சுவரொட்டியில் நாயகன் முகத்துக்குக் கீழே இருக்கும் அந்தச் சிறிய எண்ணையும் ஒருமுறை பாருங்கள்.